சண்டிகரில் ஐந்து நாள்: ஒரு புதுச்சேரிக்காரனின் குறிப்புகள்

முதல் நாள்

டெல்லியில் சதாப்தி ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் சண்டிகர். அந்த ரயில் நிலையத்துக்கு இரண்டு பக்கமும் வாசல் உண்டு என்பது எனக்குத் தெரியாது. கூட்டம் போன பக்கமே போய் வெளியே வந்து, ஆட்டோக்காரரிடம் விடுதி விலாசத்தைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "இந்தப் பக்கம் பஞ்ச்குலா, ஹரியானா. நீங்கள் போக வேண்டியது ஜீரக்பூர், அது பஞ்சாப்." எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், "அப்போ சண்டிகர்?" என்று கேட்டேன். "அதுவும் பக்கம்தான்" என்றார்.

இணையத்தில் முன்பதிவு செய்தபோது அந்த விடுதியின் பெயருக்குக் கீழே சண்டிகர் என்றுதான் போட்டிருந்தது. அக்கா மகன் இங்கே பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படிக்கிறான். அவனுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். "மாமா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? இங்க ரெண்டு மாநிலத்துக்காரனும் அவன் இடத்துக்குச் சண்டிகர்னுதான் பேர் போடுவான்" என்றான். சரி, வந்த காரியத்துக்குப் பொருத்தமான ஆரம்பம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வந்த காரியம், அவனைப் பார்ப்பது. கூடவே எனக்கு இந்த ஊர் மேல் ஒரு பழைய ஆவல். நான் பிறந்து வளர்ந்தது புதுச்சேரி. யூனியன் பிரதேசம் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். முதல்வர் ஒரு பக்கம் இழுக்க, துணைநிலை ஆளுநர் இன்னொரு பக்கம் இழுக்க, நடுவில் கோப்பு நிற்கிற கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களை எந்த மாநிலமும் சொந்தம் கொண்டாடிச் சண்டை போடவில்லை. சண்டிகரை இரண்டு மாநிலங்கள் அறுபது வருடமாக இழுத்துக்கொண்டிருக்கின்றன.

பிப்ரவரிதான், ஆனாலும் இரவில் ஸ்வெட்டருக்குள் ஸ்வெட்டர் தேவைப்படுகிறது. மீதி நாளைக்கு.

இரண்டாம் நாள்

காலையில் விடுதியை மாற்றிக்கொண்டு 22ஆம் செக்டருக்கு வந்தேன். அப்புறம் நேராக 1ஆம் செக்டர், கேப்பிடல் வளாகம். அடையாள அட்டையைக் காட்டிப் பெயர் பதிந்துகொண்டால், வழிகாட்டியோடு கூட்டமாக அழைத்துப் போகிறார்கள். தனியாக உள்ளே திரிய முடியாது. பாதுகாப்புக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 31 அன்று பஞ்சாப் முதல்வர் பியந்த் சிங் இந்தத் தலைமைச் செயலக வாசலில்தான் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார்.

லெ கொர்பூசியே கட்டிய இந்த வளாகம் 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கட்டடக் கலை பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என் கண் போனது பெயர்ப் பலகைகளின் மேல். ஒரே சட்டசபைக் கட்டடத்துக்குள் பஞ்சாப் சட்டசபையும் ஹரியானா சட்டசபையும். கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டு, அனல் மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரம் மாதிரி தெரிகிறதே, அதன் அடியில் இருக்கும் பெரிய மன்றம் பஞ்சாபுக்கு. ஹரியானாவுக்குக் கிடைத்தது, அந்தக் காலத்தில் மேலவைக்கென்று கட்டிய சின்ன மன்றம். 117 உறுப்பினர்கள் அங்கே, 90 பேர் இங்கே. தலைமைச் செயலகமும் அப்படியே பங்கு. உயர் நீதிமன்றம் இரண்டுக்கும் ஒன்றுதான். இரண்டு ஆளுநர் மாளிகைகளும் 6ஆம் செக்டரில்.

சண்டிகருக்கு என்று ஒரு சட்டசபை? இல்லை. இரண்டு சட்டசபைகள் கூடுகிற ஊரின் மக்களுக்கு, அந்த இரண்டிலும் ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. மக்களவைக்கு ஒரே ஓர் எம்.பி. மாநிலங்களவையில் அதுவும் இல்லை. எங்கள் புதுச்சேரிக்காவது அங்கே ஓர் இடம் இருக்கிறது.

இந்த நிலை வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியப் பஞ்சாப் தலைநகர் இல்லாமல் நின்றது. கொஞ்ச காலம் சிம்லாவில் ஒட்டுக்குடித்தனம். 1953இல் சண்டிகருக்குக் குடிவந்தார்கள். பஞ்சாபிகளுக்கு இது வெறும் நிலத் தகராறாகத் தெரியாததற்குக் காரணம் அதுதான். இழந்த லாகூருக்கு ஈடாகக் கிடைத்த ஊர் இது.

பஞ்சாபி பேசும் மாநிலம் கேட்டு, சீக்கியர் கட்சியான அகாலி தளத்தார் நடத்திய போராட்டத்தின் முடிவில், 1966இல் பஞ்சாபைப் பிரித்தார்கள். எல்லையை வரையறுக்க நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் ஆணையம். அதன் பெரும்பான்மை உறுப்பினர்கள், சண்டிகரை உள்ளடக்கிய கரர் தாலுகா ஹரியானாவுக்குப் போகட்டும் என்றார்கள். எஸ். தத் என்ற உறுப்பினர் ஒத்துக்கொள்ளவில்லை. மத்திய அரசு இருவர் பேச்சையும் முழுதாகக் கேட்காமல், 1966 நவம்பர் 1 முதல் சண்டிகரை யூனியன் பிரதேசமாக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டது. அன்றைக்குச் சொன்ன வார்த்தை, தற்காலிகம்.

அப்புறம் பட்டினிப் போராட்டங்கள். சண்டிகரைப் பஞ்சாபிடம் கொடு என்று 1969இல் தர்ஷன் சிங் ஃபேருமான் 74 நாள் உண்ணாமல் இருந்து உயிரை விட்டார். விருதுநகர் சங்கரலிங்கனார் தமிழ்நாடு என்ற பெயருக்காக 76 நாள் கிடந்து செத்தது எனக்கு ஞாபகம் வந்தது. 1970 ஜனவரியில் இந்திரா காந்தி தீர்ப்புச் சொன்னார்: சண்டிகர் பஞ்சாபுக்கு, பதிலுக்கு அபோஹர், ஃபாசில்கா பகுதி ஹரியானாவுக்கு, புதுத் தலைநகர் கட்ட ஹரியானாவுக்குப் பண உதவி. நடக்கவில்லை. 1985 ஜூலை 24 அன்று ராஜீவ் காந்தியும் அகாலி தளத் தலைவர் சந்த் லோங்கோவாலும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1986 ஜனவரி 26க்குள் சண்டிகர் பஞ்சாபுக்கு என்று தேதியே குறித்தார்கள். ஒரு மாதத்துக்குள் லோங்கோவாலைச் சுட்டுக் கொன்றார்கள்.

அந்தத் தேதி தவறிய விதம்தான் எனக்குப் பெரிய வேடிக்கையாகப் படுகிறது. பதிலுக்கு ஹரியானாவுக்கு எந்த இந்தி பேசும் ஊர்களைக் கொடுப்பது என்று பார்க்க மாத்யூ ஆணையம் அமைத்தார்கள். அபோஹர், ஃபாசில்கா ஊர்களை ஹரியானாவோடு ஒட்டவைக்க வேண்டும் என்றால் கந்துகேடா என்ற ஒரே ஒரு கிராமம் வழியாகத்தான் முடியும். அந்தக் கிராமத்தில் தாய்மொழிக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். ஊர்க்காரர்கள் பஞ்சாபி என்று சொல்லிவிட்டார்கள். கதை முடிந்தது. அடுத்து வெங்கடராமையா ஆணையம், ஹரியானாவுக்கு 70,000 ஏக்கர் என்று ஒரு கணக்குச் சொன்னது. அதற்கடுத்து தேசாய் ஆணையம். தேதிகள் தள்ளிப் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் தேதி சொல்வதையே விட்டுவிட்டார்கள்.

அந்த ஒப்பந்தத்துக்குப் பின் பஞ்சாபில் முதல்வரானவர் சுர்ஜித் சிங் பர்னாலா. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அவரை ஆளுநராகத் தெரியும். 1991இல் கலைஞர் ஆட்சியைக் கலைக்க அறிக்கை தர மறுத்தவர். சண்டிகர் தன் கைக்கு வரும் என்று காத்திருந்து ஏமாந்த முதல்வரும் அவர்தான்.

மூன்றாம் நாள்

இன்று முழுக்க, இந்த ஊரை யார்தான் ஆள்கிறார்கள் என்று விசாரிப்பதிலேயே போனது. இங்கே நிர்வாகத்தை எல்லோரும் சுருக்கமாக "யூ.டி." (யூனியன் டெரிட்டரி) என்கிறார்கள். "யூ.டி. தண்ணி வரி ஏத்திட்டான்" என்கிற மாதிரி, அது ஏதோ ஓர் ஆள் பெயர் போலத்தான் வாயில் வருகிறது.

அந்த யூ.டி.யின் தலை, நிர்வாகி. 1984 வரை தலைமை ஆணையர் என்று ஒருவர் தனியாக இருந்தார். அந்த வருடம் ஜூன் 1 முதல், பஞ்சாப் ஆளுநரே சண்டிகர் நிர்வாகியும் ஆனார். ராணுவம் நுழைந்த அமிர்தசரஸ் பொற்கோயிலைப் பார்த்து நாடே பதறிக்கொண்டிருந்த வாரம் அது. அன்று தொடங்கிய ஏற்பாடு இன்று வரை மாறவில்லை. சென்னையில் ஆளுநராக இருந்த பன்வாரிலால் புரோஹித் 2021இல் இங்கே வந்து உட்கார்ந்ததும் இந்த இரட்டை நாற்காலியில்தான். 2016இல் ஒருமுறை, முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி அல்போன்ஸ் கண்ணன்தானத்தைத் தனி நிர்வாகியாகப் போடப் போவதாகச் செய்தி வந்தது. பஞ்சாப் முதல்வர் பிரகாஷ் சிங் பாதல் கொதித்தார். அப்படியே கைவிட்டார்கள். நிர்வாகி பஞ்சாப் ஆளுநராக இருப்பது, இந்த ஊர் எங்களுடையது என்பதற்குப் பஞ்சாபின் கையில் இருக்கும் அத்தாட்சி. அதை விடுவார்களா?

அவருக்குக் கீழே அதிகாரிகள். எழுதப்படாத பங்கீடு ஒன்று உண்டு: நிதிச் செயலர் பஞ்சாப் பிரிவு ஐ.ஏ.எஸ்., உள்துறைச் செயலர் ஹரியானா பிரிவு. துணை ஆணையர் ஹரியானாவில் இருந்து, போலீஸ் எஸ்.எஸ்.பி. பஞ்சாபில் இருந்து. அயல்பணிக்கு வரும் ஊழியர்களில் நூற்றுக்கு 60 பஞ்சாப், 40 ஹரியானா. இந்த 60 குறைந்துகொண்டே போகிறது, மத்திய அரசின் ஆட்கள் நிரம்பிவிட்டார்கள் என்பது பஞ்சாபின் புகார். சட்டசபைக் கட்டடத்தில் தன் பங்கு அறைகள் பல இன்னும் பஞ்சாபின் கையில் என்பது ஹரியானாவின் புகார். பாகம் பிரித்த வீட்டில் கூடத்துக்கும் கிணற்றுக்கும் நடக்கிற சண்டைதான்.

சட்டம்? நாடாளுமன்றம் போட வேண்டும். இல்லையென்றால் குறுக்குவழி ஒன்று உண்டு. 1966ஆம் வருட மறுசீரமைப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவுப்படி, வேறு ஏதாவது மாநிலத்தில் நடப்பில் இருக்கும் சட்டத்தை எடுத்து, ஓர் அறிவிக்கையில் சண்டிகருக்கும் நீட்டிவிடலாம். பக்கத்து வீட்டுப் பையனின் சட்டையை வாங்கி, கைப்பகுதியை மடித்துப் போட்டுக்கொள்வது மாதிரி.

மக்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் உள்ளூர் அமைப்பு என்று பார்த்தால், 17ஆம் செக்டரில் இருக்கும் மாநகராட்சி மட்டும்தான். அதுவும் 1994இல் வந்தது, 1996இல்தான் முதல் தேர்தல். பஞ்சாப் மாநகராட்சிச் சட்டத்தையே இங்கே நீட்டினார்கள். 35 வார்டு. மேயர் பதவி ஒரே வருடம். கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும், எம்.பி.க்கும் ஒரு வாக்கு உண்டு, ஆக 36. ஒரு வருடத்தில் ஒரு மேயர் என்ன செய்ய முடியும்? அறைக்கு வெள்ளையடித்து முடிக்கும்போது அடுத்தவர் வந்துவிடுவார்.

இந்தச் சின்ன நாற்காலிக்கு நடந்த கூத்தை நாடே பார்த்தது. 2024 ஜனவரி 30. ஆம் ஆத்மியும் காங்கிரஸும் சேர்ந்ததில் 20 வாக்கு, எதிர்ப்பக்கம் 16. ஆனால் தேர்தலை நடத்திய அதிகாரி, ஜெயிக்க வேண்டியவரின் 8 வாக்குச் சீட்டுகளைச் செல்லாது என்று தள்ளிவிட்டு, 12க்கு 16 என்று பா.ஜ.க. வேட்பாளர் வென்றதாக அறிவித்தார். சீட்டுகளில் அவரே பேனாவால் கோடு போட்டது கேமராவில் பதிந்திருந்தது. உச்ச நீதிமன்றம் சீட்டுகளைத் தன் முன்னால் வரவழைத்துப் பார்த்து, பிப்ரவரி 20 அன்று ஆம் ஆத்மியின் குல்தீப் குமாரே மேயர் என்று அறிவித்தது. 2025இல் விதியைத் திருத்தி, ரகசியச் சீட்டுக்குப் பதிலாகக் கை தூக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

மாநகராட்சி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற ஊழியர். நான் எங்கள் ஊர்ப் பெருமையாக, எங்களுக்குச் சட்டசபை இருக்கிறது என்று சொன்னேன். "மாநகராட்சி, நகராட்சித் தேர்தல் எப்போது நடந்தது?" என்று கேட்டார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். அதற்கு முன்னால் 1968. "அப்படியென்றால் உங்களுக்குத் தலை இருக்கிறது, கால் இல்லை. எங்களுக்குக் கால் இருக்கிறது, தலை இல்லை" என்று சொல்லிவிட்டு இன்னொரு டீ சொன்னார். காசு அவரே கொடுத்தார்.

இன்னொன்றும் சொன்னார். இங்கே 9 நியமன கவுன்சிலர்கள் உண்டு. முன்பு அவர்களும் வாக்குப் போட்டார்கள். 2017இல் உயர் நீதிமன்றம் அந்த உரிமையை ரத்து செய்துவிட்டது. எங்கள் ஊரில் மத்திய அரசு நியமிக்கும் 3 எம்.எல்.ஏ.க்கள் வாக்குப் போடலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஓர் அவமானம் போதும்.

சாயங்காலம் மருமகன், "வாங்க மாமா, கேடி ரூட் போலாம்" என்றான். நான் பயந்துபோனேன். பஞ்சாபியில் கேடி என்றால் ஒரு ரவுண்டு அடிப்பதாம். கல்லூரிப் பிள்ளைகள் வண்டியில் சும்மா சுற்றிச் சுற்றி வரும் தெருக்களுக்கு அந்தப் பெயர். சுற்றினோம்.

நான்காம் நாள்

மழை. காலை முழுக்க விடுதியில் அடைபட்டுக் கிடந்தேன். மதியம் வெறித்ததும் ராக் கார்டன். சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், உடைந்த ஓடு, வளையல், பீங்கான் எல்லாம் பொறுக்கி, அரசு காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் பல வருடம் கட்டிய தோட்டம். சட்டப்படி இடித்திருக்க வேண்டும். கண்டுபிடித்த அதிகாரிகள் இடிக்காமல் 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு கல்லை நகர்த்துவதற்கும் விதி வைத்திருக்கும் ஊரில், கூட்டம் அதிகம் வருவது விதி மீறிக் கட்டிய இடத்துக்கு. 2025 தொடக்கத்தில் இதன் சுவரில் ஒரு பகுதியை, பக்கத்து உயர் நீதிமன்றத்தின் வண்டி நிறுத்தத்துக்காக இடித்தார்கள். மக்கள் சண்டை போட்டும் பலனில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்பதுதான் இங்கே முதல் கேள்வியே.

இரவு பல்கலைக்கழக விடுதியில் மருமகனின் நண்பர்களோடு சாப்பாடு. ராஜ்மாவும் சோறும். 2025 அக்டோபர் கடைசியில் மத்திய அரசு இந்தப் பல்கலைக்கழகத்தின் ஆட்சி மன்றமான செனட்டை 91 பேரில் இருந்து 31 ஆகக் குறைத்து அறிவிக்கை போட்டது. மாணவர்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். பஞ்சாபின் கட்சிகள் எல்லாம் வந்து சேர்ந்துகொண்டன. நவம்பர் முதல் வாரத்திலேயே வாபஸ். அதே மாதம் இன்னொரு செய்தி. சண்டிகரை அரசியல் சாசனத்தின் 240ஆம் பிரிவுக்குள் கொண்டுவரும் மசோதா நாடாளுமன்ற நிகழ்ச்சி நிரலில் இருப்பது தெரிந்தது. அந்தப் பிரிவுக்குள் வந்தால் குடியரசுத் தலைவரே நேரடியாக விதிமுறை போடலாம், தனி நிர்வாகியும் வரலாம். பஞ்சாபில் ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் ஒரே குரலில் கத்தின. அந்தக் கூட்டத்தொடரில் மசோதா வராது என்று உள்துறை அமைச்சகம் விளக்கம் சொல்லி அடக்கியது.

பஞ்சாப் பையன் ஒருவன், இது எங்கள் ஊர், எங்கள் கிராமங்களைக் காலி செய்து கட்டியது என்றான். சரியான பேச்சு. ரோத்தக்கில் இருந்து வந்த பெண், 1966இல் ஆணையமே எங்களுக்குத்தானே கொடுத்தது என்றாள். அதுவும் சரி. இங்கேயே பிறந்த மூன்றாவது பையன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "யாருக்கும் கொடுக்க வேண்டாம், இப்படியே இருக்கட்டும்" என்றான். இந்த மூன்று நாளில் உள்ளூர்க்காரர்கள் அநேகம் பேரிடம் இதே பதில்தான் கேட்டேன். நான் வந்தபோது, வாக்கு இல்லாத மக்கள் பொருமிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நல்ல சாலையும் குறைந்த வரியும் இருக்கும்போது தற்காலிகம் என்ற சொல் அவ்வளவு உறுத்துவதில்லை போலும். எனக்கு அது உறுத்துகிறது. செனட்டுக்காகத் தெருவில் உட்கார்ந்த இந்தப் பிள்ளைகள், தங்களுக்கு ஒரு சட்டசபை ஏன் இல்லை என்று கேட்கவில்லை. கேட்டால், யூ.டி. நிரந்தரம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதை இரண்டு மாநிலங்களும் விடாது.

ஐந்தாம் நாள்

சென்னைக்கு விமானம் நாளைக் காலை. இங்கே விமான ஓடுபாதை சண்டிகர் நிலத்தில், பயணிகள் முனையம் மொஹாலியில், அதாவது பஞ்சாபில். பெயரில் எந்த ஊரைச் சேர்ப்பது என்று பல வருடம் தகராறு ஓடி, 2022இல் பகத் சிங் பெயரை வைத்ததும் அடங்கியது.

கிளம்பும் முன்பு, ஊருக்குப் பெயர் கொடுத்த சண்டி அம்மனைப் பார்த்துவிடலாம் என்று நண்பனின் பைக்கை வாங்கிக்கொண்டு வந்தான் மருமகன். கோயில் எங்கே என்று நினைக்கிறீர்கள்? ஹரியானாவில். பஞ்ச்குலா மாவட்டம், கால்கா போகும் சாலையில். பஞ்சாபின் தலைநகருக்குப் பெயர் வைத்த அம்மன், பாகப் பிரிவினையில் ஹரியானா பக்கம் போய்விட்டாள். சின்னக் கோயில்தான். சுற்றிலும் ராணுவக் குடியிருப்பு. பூசாரி திலகம் இட்டு, கையில் கொஞ்சம் கற்கண்டு போட்டார்.

திரும்பும் வழியில் பஞ்ச்குலாவுக்குள் வரும்போதே பைக் இருமியது. முள் சிவப்பில் கிடந்தது. எதிரிலேயே ஒரு பெட்ரோல் பங்க். "போட்டுக்கோடா" என்றேன். "வேணாம் மாமா, இங்க லிட்டருக்கு ஒரு ரூபா கூட. யூ.டி.க்குள்ள போய்ப் போட்டுக்கலாம்." மொஹாலியில் இன்னும் அதிகமாம். அங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் சண்டிகருக்கு வந்துதான் தொட்டியை நிரப்பிக்கொண்டு போவார்களாம்.

ஹவுசிங் போர்டு சவுக் என்ற சந்திப்புக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது வண்டி நின்றது. நான் பின்னால் தள்ள, அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தான். எங்களைத் தாண்டிப் போன வண்டிகளின் எண்களைப் படித்துக்கொண்டே தள்ளினேன். எச்.ஆர். 03, பி.பி. 65, சி.எச். 01. "மாமா, நெருங்கிட்டோம்" என்றான். எந்தக் கோட்டில் ஹரியானா முடிந்தது என்று பார்க்கத்தான் முயன்றேன். மூச்சு வாங்கியதில் தவறவிட்டுவிட்டேன்.